பாட்டுப் போடுவோர் படும் பாடு

(சங்க மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



இம்மண்டபத்துக்கு நாம் வருவது இது நான்காம் முறை. முன்னைய மூன்று முறையும் நாம் நின்ற இடம் அதோ அந்த மூலை. தூணுக்குப் பின்னால், வயர்ச் சுருள்களுக்கு நடுவே, ஒரு காலாடும் மேசையோடு நின்றோம். பேச்சாளர் பேசும்போது மைக் கூவினால் மாத்திரம் சபையோர் அனைவரும் ஒருங்கே திரும்பி எம்மைப் பார்த்ததுண்டு. இன்று மைக்குக்கு முன்னால் எம்மை நிறுத்தியிருக்கிறீர்கள். எமக்குப் பதிலாக அந்த மூலையில் நிற்கும் தம்பிமேல் எமக்கு மிகுந்த இரக்கம் உண்டு. மைக் என்ன செய்தாலும் நாம் அவரைத் திரும்பிப் பார்க்கமாட்டோம் என்று உறுதி கூறுகிறோம்.

பல்கலைக்கழக மாணவர் சபையேறினால் பொருளாதாரம் பற்றியோ இலக்கியம் பற்றியோ பேசுவது வழக்கம். தலைவர் அவர்களோ, "சனி ஞாயிறுகளில் நீங்கள் மூவரும் எங்கே போகிறீர்கள், என்ன செய்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள், அது போதும்" என்றார். அதில் ஒரு தந்தையாரின் சந்தேகமும் கலந்திருந்ததுபோல் எமக்குத் தோன்றிற்று. ஆகவே ஒளிக்காமற் சொல்கிறோம். நாம் டீ.ஜே. வேலைக்குப் போகிறோம்.

டிஸ்க் ஜொக்கி என்பதன் சுருக்கமே டீ.ஜே. பந்தயக் குதிரையை ஓட்டுபவனுக்கு ஆங்கிலத்தில் ஜொக்கி என்று பெயர். எனவே இசைத்தட்டின்மேல் ஏறிச் சவாரி செய்பவன் என்பது பொருள். முதலில் வானொலியில் இசைத்தட்டுப் போட்டோருக்கே இப்பெயர் வழங்கிற்று. அந்த முறையிற் பார்த்தால் எங்கள் பாட்டிமார் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையிற் கேட்டு மகிழ்ந்த எஸ். பி. மயில்வாகனம் அவர்களும் எமது குலத்துப் பெரியவரே. அவர் குரலை இன்றும் முதியோர் நினைவிற் கொண்டு பேசுகிறார்கள். நாம் நேற்றுப் போட்ட பாட்டை இன்று நினைப்பார் எவருமிலர். குலம் ஒன்று, குதிரைதான் வேறு. எமக்கு வாய்த்தவை பெரும்பாலும் நொண்டிக் குதிரைகள்.

நாம் இத்தொழிலுக்கு வந்த கதை நாட்டின் கதையோடு ஒட்டியது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டில் ஊரைவிட்டுப் புறப்பட்ட இளைஞர் பலர்; தம் பொருள்களை விற்றுவிட்டுப் புறப்பட்டவரும் பலர். அவர்களில் ஒருவர் தமது கொன்றோலரை விற்கக் கொண்டுவந்தார். கொன்றோலர் என்பது இரண்டு இசைத்தட்டுச் சக்கரங்களையும் நடுவே ஏற்றி இறக்கும் பிடிகளையும் உடைய பலகை. மடிக்கணினியோடு பொருத்தி இயக்குவது. விலை ரூபா 95,000. எம்மிடம் இருந்தது ரூபா 35,000. மிகுதியை எம்மில் ஒருவரின் தாயார் தமது சீட்டுக் காசிலிருந்து தந்தார். "மாதம் மூவாயிரமாத் தாங்கோ, காணும்" என்றார். இருபது மாதத்தில் தீரவேண்டிய கடன். இருபது மாதம் எப்பொழுதோ கடந்துவிட்டது.

எமது மூலதனத்தில் மற்றொன்று கடனில்லாதது. நாம் மூவரும் மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள். காலைக் கூட்டத்திற் பாடும் பாடகர் குழுவில் எம்மை நிறுத்திய ஆசிரியர், குரலைவிடக் கணக்கையே பெரிதாக மதித்தார். மேசையிற் பென்சிலால் தட்டி, "நாலு, நாலு, நாலு, நாலு, இப்போது மூச்சு" என்பார். எம் குரல் உடைந்து குழுவிலிருந்து நீக்கப்பட்டோம். கணக்கு மாத்திரம் உடலில் தங்கிவிட்டது. நடனப் பாட்டுகளும் அந்தக் கணக்கிலேயே கட்டப்பட்டவை. நந்நான்காகத் தட்டு எண்ணிப் போனால் பதினாறிலோ முப்பத்திரண்டிலோ பாட்டு ஒரு திருப்பத்துக்கு வரும். அந்தத் திருப்பத்தில் அடுத்த பாட்டை உள்ளே விட்டால் ஆடுபவனின் காலுக்கு மாற்றம் தெரியாது. ஒரு தட்டுப் பிந்தி விட்டால், காரணம் இன்னதென்று அறியாமலே அவன் போய் உட்கார்ந்துவிடுவான். அத்தனை நாட் பென்சில் தட்டலும் சாமத்தியச் சடங்குகளில் இப்படிப் பயன்படும் என்று அந்த ஆசிரியர் கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

ஆனால் நந்நான்கு எமது ஊருக்குப் போதாது. இங்கே சபை கேட்பது டப்பாங்குத்து. அதற்கு அடுத்தபடி பைலா. பைலா என்ற பெயரே ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. இவையிரண்டும் ஆறெட்டு என்னும் கணக்கில் நடப்பவை. மிருதங்கக்காரர் மொழியிற் சொல்வதாயின் மேல்நாட்டு நடனப் பாட்டுச் சதுஸ்ர நடை. எமது குத்துப்பாட்டு மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டுவது ஓடும் பஸ்ஸிலிருந்து ஓடும் ரயிலுக்குத் தாவுவது போன்றது. புத்தகத்திலும் காணொளியிலும் கற்றதை வைத்துக்கொண்டு முதல் ஆறு மாதம் நாம் பலமுறை இடையில் விழுந்தோம். பிறகு ஒரு வழி கண்டோம். முதற் பாட்டை வெறும் பறையொலியில் நிறுத்தி, ஒரு கணம் மௌனம் விட்டு, சபை "ஏன் நின்றது?" என்று நிமிரும்போது அடுத்ததைத் தொடங்கிவிடுவது. எவரும் கவனித்துக் கைதட்டியதில்லை. எவரும் விழவில்லை என்பதே எமக்குப் போதுமானதாயிருந்தது.

இனி எமது கூலிக் கணக்கு. சிறு நிகழ்ச்சியொன்றுக்கு ரூபா 15,000 பேசுவோம். ஸ்பீக்கர் இரண்டும் எமக்குச் சொந்தமல்ல. வாடகை ரூபா 6,000. ஓட்டோவுக்குப் போய்வர ரூபா 3,000. எஞ்சிய 6,000 ரூபாவை மூவர் பங்கிட்டால் ஆளுக்கு 2,000. அதிலிருந்து சீட்டுக் கடன். மாலை மூன்று மணிக்குப் புறப்பட்டு நள்ளிரவில் வீடு சேர்வதற்கு இதுதான் கூலி. ஒருமுறை ஓட்டோ கிடைக்காமல் லான்ட்மாஸ்ரரில் ஸ்பீக்கர்களின்மேல் நாமே ஏறியிருந்து போனோம். அது ஆடிய ஆட்டம் அன்றைய விருந்தினர் எவரும் ஆடாத ஆட்டம்.

போன இடத்தில் எமக்கு ஒதுக்கப்படும் இடங்களை வகைப்படுத்தி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதலாம். சமையற் கொட்டிலுக்கும் கைகழுவும் இடத்துக்கும் நடுவே ஓரிடம் உண்டு. ஜெனறேற்றருக்குப் பக்கத்தில் ஓரிடம் உண்டு. அங்கே நின்றால் நாம் போடும் பாட்டு எமக்குக் கேட்காது. வீடியோக்காரர் ஒருவர், "இந்தப் பெட்டிகள் படத்தில விழுகுது" என்று எம்மையும் பெட்டிகளையும் மூன்றுமுறை இடம் மாற்றினார். வீடியோக்காரரின் அதிகாரம் பற்றி நாம் இங்கு விரிக்கவில்லை. மணமகனின் தந்தையே அவருக்கு அஞ்சுகிறார்.

பிறகு சத்தம். முன்வரிசைப் பெரியவர் வந்து, "தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ, நெஞ்சுக்கை இடிக்குது" என்பார். குறைப்போம். அவர் திரும்பிப் போய் இருக்குமுன் அவருடைய மருமகன் வந்து, "என்ன, செத்த வீடே? கூட்டுங்கோ" என்பான். கூட்டுவோம். பெரியவர் மறுபடி எழும்புவார். இதற்கு நாம் கண்ட உபாயத்தை இன்று வெளியிட்டுவிடுகிறோம்: முன்வரிசைப் பக்கமுள்ள ஸ்பீக்கரைச் சற்று வெளியே திருப்பிவிட்டு, "குறைச்சிட்டம் ஐயா" என்போம். அவர் நன்றி கூறுவார். இரண்டாண்டில் எமக்குக் கிடைத்த நன்றிகளிற் பெரும்பாலானவை செய்யாத வேலைக்காகக் கிடைத்தவையே.

சில வீடுகளில் முறைப்பாடு வேலிக்கு அப்பாலிருந்து வரும். அது நியாயமானதென்றே நாம் கருதுகிறோம். இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று 2007ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் பொதுவாக விதித்தது. அந்தத் தீர்ப்பை எமது சபைகளில் நினைவூட்டும் கடமையும் எம்மேல் விழுந்திருக்கிறது. பத்து மணிக்குப் பிடியை இறக்கும் கை எம்முடையது, ஏச்சும் எமக்கே.

கூலியிலே கைவைத்தவரும் உண்டு. ஒரு திருமண வரவேற்பு. இருநூறு கதிரை, ஆட எழுந்தவர் எட்டுப் பேர், அவர்களில் ஐவர் பத்து வயதுக்கு உட்பட்டோர். நாம் எமக்குத் தெரிந்த அனைத்தையும் செய்தோம். முடிவிற் காசு கேட்டபோது, நிகழ்ச்சியைப் பொறுப்பேற்றவர், "எட்டுப் பேர்தானே ஆடினவை? முழுக்காசு என்னெண்டு தாறது?" என்று பாதியை எண்ணித் தந்தார். உண்டவர் தொகைக்கு ஏற்பச் சமையற்காரருக்குக் கூலி கொடுப்பதில்லை என்று வாதிட்டோம். அவர் பதில் கூறாமல் வெளிச்சத்தை அணைத்துவிட்டார். அவரை நாம் இங்கே பெயரிடப் போவதில்லை. இருட்டில் வயர் சுற்றுவது எப்படி என்பதை அவரிடம் கற்றோம் என்பதோடு விடுகிறோம்.

அன்று ஓட்டோவில் வரும்போது எம்மில் ஒருவர் ஒரு கேள்வி எழுப்பினார். "நாங்கள் செய்யிறது ஒரு வேலையோ, இல்லாட்டி ஆற்றையேன் வேலைக்குப் பின்னாலை கேக்கிற சத்தமோ?" எவரும் பதில் சொல்லவில்லை.

சிறிய சபையில் தொடங்குவது இழிவல்ல என்பதற்குச் சான்று தேடி நாம் நூல்களைப் புரட்டியதுண்டு. 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள் நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்க அடுக்குமாடிக் கட்டடத்துப் பொது அறையில் ஒரு சிறு விருந்து நடந்தது. யமேக்காவிற் பிறந்த குடும்பத்துப் பெண்ணொருத்தி பாடசாலைக்குப் புது உடுப்பு வாங்கப் பணம் சேர்ப்பதற்காக வைத்த விருந்து அது. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். பாட்டுப் போட்டவர் அவளுடைய அண்ணன், வயது பதினெட்டு. கூல் ஹேர்க் என்று பின்னர் உலகறிந்த அவரே, ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை வைத்துப் பறையிடையை மாறி மாறி நீட்டும் உத்தியை வளர்த்தவர். ஹிப்-ஹொப் என்னும் கலைக்கு அந்த நாளையே பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். இதை நாம் வீட்டிற் சொன்னபோது சீட்டுக் காசு தந்த தாயார், "அந்தப் பெடியன் தங்கச்சிக்கு உடுப்பு வாங்கிக் குடுத்திட்டான். நீங்கள் ஆருக்கு என்ன வாங்கிக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டார். வரலாறு அந்த அளவில் நின்றது.

இன்னுமொரு வரலாற்றைப் புத்தகத்தில் அல்ல, வலிகாமத்து வளவொன்றிற் பெற்றோம். பிறந்தநாள் வீடு. எட்டு மணிக்கு மின்சாரம் போயிற்று. ஜெனறேற்றர் இரண்டுமுறை இருமிவிட்டு ஓய்ந்தது. எல்லோரும் எம்மையே பார்த்தார்கள், மின்சார சபையை நாமே நடத்துவதுபோல. அப்போது ஓர் ஐயா கதிரையை இழுத்துப்போட்டு எமக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, 1990களின் முற்பகுதியில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் தாம் பாட்டுக் கேட்ட விதத்தைச் சொன்னார். "சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையாலை சுத்துவம். டைனமோவிலை வாற கரண்டிலை ரேப் ஓடும். சுத்துறவன் களைச்சால் பாட்டும் இழுபடும். பிறகு ஒருத்தன் 'சுத்தடா' எண்டு கத்துவான், பாட்டு நிமிரும்."

எம்மில் ஒருவர் அவரிடம் கொன்றோலரைக் காட்டினார். அதன் ஓரத்தில் ஒரு பிடி உண்டு. அதை ஏற்றினாற் பாட்டு விரையும், இறக்கினாற் தாமதிக்கும். 1979இல் வெளிவந்த டெக்னிக்ஸ் இசைத்தட்டுப் பொறியில் நூற்றுக்கு எட்டு வீதம் கூட்டவும் குறைக்கவும் அத்தகைய பிடியை வைத்தார்கள். அன்றுமுதல் இத்தொழிலின் உயிர்நாடி அதுவே. ஐயா இருட்டில் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஓ, இது சுத்திறவன்ரை கை" என்றார். அதைவிடத் தெளிவாக எந்தக் காணொளியும் எமக்கு விளக்கியதில்லை. மின்சாரம் ஒன்பதே முக்காலுக்கு வந்தது. கேக் வெட்டிப் படமெடுத்து முடியப் பத்து மணி. நாம் ஒரு பாட்டும் போடாமற் கட்டிக்கொண்டு வந்தோம்.

கூட்டிக் கழித்துப் பார்த்தபோது விற்றுவிடுவதே சரி என்று மூவரும் முடிவு செய்தோம். கொன்றோலரை வாங்க ஒருவர் ரூபா 80,000 சொன்னார். கடனைத் தீர்த்துக் கொஞ்சம் மிஞ்சும். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு நிகழ்ச்சியை மாத்திரம் முடித்துக்கொடுத்துவிட்டு ஒப்படைப்பது என்று பேசிக்கொண்டோம்.

அந்த நிகழ்ச்சி வடமராட்சியில் ஒரு வீட்டு முற்றத்தில் நடந்தது. ஓர் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள். பிள்ளைகள் மூவரும் கனடாவில். விழாவை ஒழுங்கு செய்ததும், பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் எமக்கும் காசு அனுப்பியதும் அவர்களே. போடவேண்டிய பாட்டுகளை மகன் பட்டியலிட்டு அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு விருப்பமான பழைய பாட்டுகள் நாற்பத்திரண்டு. நாற்பது கதிரை போட்டிருந்தது. வந்தவர் பதினான்கு பேர். அம்மா புதுச் சேலையோடு நடுக்கதிரையில் நேராக நிமிர்ந்து இருந்தார், படமெடுக்கப் போகிறவர்போல.

இங்கே இரவு ஏழு மணியானபோது, அங்கே காலை ஒன்பதரைக்குப் பிள்ளைகள் தொலைபேசியில் வந்தார்கள். அம்மாவுக்குக் காது சற்று மந்தம். தொலைபேசியைக் காதில் வைத்தால் முகம் தெரியாது. முகத்துக்கு முன் வைத்தாற் குரல் கேட்காது. "என்ன சொல்லுறாய்? என்ன?" என்று கேட்டுக் கேட்டு, பின் கேட்காமலே சிரித்துத் தலையசைக்கத் தொடங்கினார். நாம் முதற் பாட்டைப் போட்டபடி நின்று இதைக் கண்டோம்.

பாட்டை இறக்கினோம். மடிக்கணினிக்குப் போகும் ஒரு வயரைத் தொலைபேசியிற் பொருத்தி அவர்களுடைய குரலை ஸ்பீக்கருக்கு எடுத்தோம். முதலில் நேர்ந்தது பெருங்குழப்பம். ஸ்பீக்கரில் வரும் மகனின் குரலைத் தொலைபேசியின் மைக் பிடித்து மறுபடி அவருக்கே அனுப்ப, அவர் தம் குரலையே ஒரு கணம் பிந்திக் கேட்டுத் திகைத்து நிறுத்திவிட்டார். ஆகவே வேலையைப் பகிர்ந்துகொண்டோம். ஒருவர் அம்மாவின் காலடியிற் குந்தியிருந்து, பிள்ளைகள் பேசும்போது தொலைபேசியின் மைக்கை மூடி, அம்மா வாய் திறக்கும்போது திறந்தார். ஒருவர் கொன்றோலரில் நின்று, அவர்கள் பேசும்போது பிடியை ஏற்றி, அம்மா பேசும்போது இறக்கினார். மூன்றாமவர் ஸ்பீக்கர் இரண்டையும் தொலைபேசிக்குப் புறமாகவும் அம்மாவின் செவிக்கு நேராகவும் திருப்பிப் பிடித்தார். யார் எப்போது பேசப்போகிறார் என்பதை அம்மாவின் முகத்தைப் பார்த்தே அறியவேண்டியிருந்தது. பதினாறு எண்ணும் பழக்கம் இதற்கு உதவவில்லை. பென்சில் தட்டிய ஆசிரியர் கடைசியிற் சொல்லும் சொல்லே உதவிற்று: மூச்சு. அம்மா மூச்செடுத்தாற் பிடியை இறக்கவேண்டும்.

"அம்மா, கேக்குதோ?"

"கேக்குது மோனை."

ஏழு வயதுப் பேத்தி அங்கிருந்து "அம்மம்மா!" என்று அழைத்த குரல் இரண்டு பெரிய பெட்டிகளிலும் உருண்டு ஒழுங்கை முடக்குவரை போயிற்று. வேலியோரம் நான்கைந்து பேர் வந்து நின்றார்கள். அம்மா கதிரையில் முன்னால் சாய்ந்து, "உன்ரை பல்லு முளைச்சிட்டுதே?" என்று கேட்டார். அதற்கு அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்த அளவு தமிழில் நெடுநேரம் விடை சொன்னது. இப்படி ஒரு மணி பத்து நிமிடம். மகனின் பட்டியலில் ஒரு பாட்டைத்தான் போட்டோம், அதுவும் பாதி.

தொலைபேசி ஓய்ந்தபின் சாப்பாடு. வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்த எம்மிடம் அம்மா தாமே மூன்று பார்சல்களைக் கொண்டுவந்து தந்தார். தந்துவிட்டு, "பாவம் தம்பியவை. இவ்வளவு சாமானும் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள், இண்டைக்கு உங்களுக்கு ஒரு வேலையும் இல்லாமப் போச்சு" என்றார்.

"பரவாயில்லை அம்மா" என்றோம்.

திரும்பும்போது ஓட்டோவில் எவரும் விற்பனை பற்றிப் பேசவில்லை. மறுநாள், வாங்கவிருந்தவர் தொலைபேசி எடுத்தார். "இன்னும் கொஞ்சம் யோசிக்கிறம்" என்று பதில் சொன்னவர், முன்னொருநாள் அந்தக் கேள்வியை எழுப்பியவரேதான். அது நடந்து நான்கு மாதம் ஆகிறது. அதன்பின் ஒன்பது நிகழ்ச்சிக்குப் போயிருக்கிறோம். இரண்டில் முழுக்காசு வரவில்லை. கடனில் இன்னும் ரூபா 12,000 இருக்கிறது.

எம்மில் ஒருவருக்கு இறுதியாண்டுப் பரீட்சை நெருங்குகிறது. வரும் மாதங்களில் அவர் பெட்டி தூக்க வரமாட்டார். அடுத்த சனிக்கிழமை ஒரு சாமத்தியச் சடங்கு. இடம் சமையற் கொட்டிலுக்குப் பக்கத்தில் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். பெட்டி ஒன்றின் நிறை ஏறக்குறைய 25 கிலோ. இச்சபையிலுள்ள இளைஞர் எவராவது தூக்க மனமுடையராயின், கூட்டம் முடிந்ததும் எம்மைக் காணலாம். மைக்கைக் கழற்றும் தம்பிக்கு உதவியபடி அந்த மூலையிலேயே நிற்போம்.